மிச்சியார்

ராமசெல்விக்கு வாய் அடைத்துப்போனது வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான். அதுவும் எர்ணாவூரில், வேற்று மனிதர் வீட்டு வாசலில். அந்தக் காட்சியை நேரில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று திருவொற்றியூரில் அவள் தெருவுக்கே இன்னும் மனக்குறை உண்டு. வேனில் இடம் கிடைக்காதவர்கள், போய்வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் ஆறுதல் பட வேண்டியிருந்தது.

அன்றைக்கு அன்புக்கரசிக்கும் வேலப்பனுக்கும் நிச்சயம். மாப்பிள்ளையின் அக்கா குணசுந்தரி வாசலில் நின்றுகொண்டு, பெண் வீட்டாரை ஒவ்வொருவராக விசாரித்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள். துறைமுக கேட்டில் லாரியை மடக்கி விசாரிப்பார்களே, அந்த மாதிரி. ஆனால் லாரிக்காரனைக்கூட இவ்வளவு உற்றுப் பார்க்க மாட்டார்கள்.

"நீங்க பொண்ணுக்கு இன்னா மொறை?"

"அண்ணன்." உள்ளே போனான். "அண்ணி." போனாள். "பெரிப்பா." "ஒண்ணுவுட்ட மாமா." எல்லோரும் ஒரு வார்த்தையைக் காட்டிவிட்டு நுழைந்தார்கள். சில்வியா டீச்சர் "பக்கத்து வீடு" என்றார். அதுவும் செல்லுபடியானது. அவருக்குப் பின்னால் ராமசெல்வி.

"நானா? நான் வந்து... இவள மொதல்ல ஒருத்தன் கட்டிகினான் இல்ல, அவன் எம்புள்ள. அவன் போய்ட்டான். போய்ட்டான்னா சாவல, பூனாவுல கீறான், இன்னொருத்தியோட. கோர்ட்டுல தீர்த்தாச்சு. அவன்தான் போனானே கண்டி இவ போவல. எங்கூடத்தான் கீறா. அதனால நான் இவளுக்கு... அதாவது அவனுக்கு நான் அம்மா, ஆனா இவளுக்குத்தான் நான்..."

ராமசெல்வி அந்த இடத்தில் நின்றுபோனாள். அடுத்து வர வேண்டிய வார்த்தை வரவில்லை. அவளுக்குப் பின்னால் பழத்தட்டோடு நின்றவர் தட்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். வீடியோ எடுக்கிறவன் பொறுத்துப் பார்த்துவிட்டு கேமராவைக் கீழே இறக்கினான்.

குணசுந்தரி கெட்டவள் இல்லை. தம்பி கட்டப்போகிற பெண் ஏற்கெனவே ஒருமுறை கட்டித் தீர்ந்தவள் என்பது அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவளுடைய கவலை வேறு.

"அதெல்லாம் கதக்கா. கதைய அப்பால பேசிக்கலாம். ஒரே வார்த்தையில நீ இன்னான்னு சொல்லு. பேனர்ல போடணும்."

குணசுந்தரியின் பேனரைப் பற்றிச் சொல்லாவிட்டால் புரியாது. அவர்கள் வீட்டுக் கல்யாணமென்றால் மண்டப வாசலில் ஒரு டிரெய்லர் நீளத்துக்கு ஃபிளெக்ஸ் பேனர் நிற்கும். உறவுக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு தலை, தலைக்குக் கீழே பெயர், பெயருக்குக் கீழே முறை: தாய்மாமன், சித்தப்பா, சகலை என்று. பேனரில் இருப்பவர்களைத்தான் மைக்கில் கூப்பிட்டு மேடையேற்றுவார்கள், சால்வை போடுவார்கள், தாலி ஏறும்போது பக்கத்தில் நிற்க விடுவார்கள். முறை இல்லையென்றால் தலை இல்லை. தலை இல்லையென்றால் மேடை இல்லை. இந்தச் சட்டம் வந்ததற்கும் காரணம் உண்டு. முன்பு இவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் முன்பின் தெரியாத ஒருவர் மேடையேறி, சால்வை வாங்கி, மாப்பிள்ளைக்கு நெற்றியில் முத்தமும் கொடுத்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். மாடி மண்டபத்தில் நடந்த வேறு கல்யாணத்துக்கு வந்தவராம். அந்த முத்தத்தை நினைத்தால் குணசுந்தரிக்கு இன்னமும் ரத்தம் கொதிக்கும்.

"அம்மான்னு போட்டுட்டா போவுது," என்றான் அன்புக்கரசியின் அண்ணன், தாராள மனசோடு.

"ஏன், அவளப் பெத்தவ செத்துட்டா எடம் காலின்னு நான் போயி குந்திக்கணுமா?" ராமசெல்விக்கு அதற்குள் வாய் திரும்பியிருந்தது. "அது அந்தப் புண்ணியவதி எடம்."

"சித்தி?"

"இன்னா சித்தி? இவ அப்பன் மூஞ்சி எனக்கு ஞாபகமே இல்ல. மாமியார்னே போடு. அவள அத்தினி வருஷம் திட்டிகீறேன், அத்த சும்மா வுட்ற முடியுமா?"

"மாமியார்னு உன்னப் போட்டா, எங்கம்மா இன்னா, மண்டபத்து வாட்ச்மேனா?"

"அப்போ முன்னாள் மாமியார்னு போடு."

"யக்கா! கல்யாண பேனர்ல முன்னாள்னு ஒரு வார்த்த இருந்தா, வர்றவன் அந்த ஒரு வார்த்தையத்தான் படிப்பான். அத்த படிச்சிட்டு உள்ள வந்து பொண்ணு மூஞ்சியப் பாப்பான். வாணாம்." குணசுந்தரி தட்டை வாங்கி உள்ளே வைத்தாள். "மதார் சாகிப் கடையில டிசைன் ஓடிகினு கீது. அச்சுக்குப் போறதுக்குள்ள யோசிச்சு சொல்லு. பொய்யும் வாணாம், நீட்டமும் வாணாம்."

திரும்பி வருகிற வேனில் ராமசெல்வி ஒரு வார்த்தை பேசவில்லை. அது அன்றைய தினத்தின் இரண்டாவது அதிசயம்.

அவள் அப்படி உட்கார்ந்ததில் நியாயம் இருக்கிறது. மகன் அன்பரசனுக்கு அன்புக்கரசி என்று பேர்ப்பொருத்தம் பார்த்துக் கட்டிவைத்தவளே அவள்தான். பேர் மட்டும்தான் பொருந்தியது. மகன் பூனாவுக்கு வேலைக்குப் போய், அங்கேயே ஒருத்தியைப் பார்த்துக்கொண்டு, விவரத்தை வாட்சாப்பில் அனுப்பினான். மருமகள் பெட்டியைக் கட்டினாள். மாமியார் பெட்டியைப் பிடுங்கினாள். "போறதுன்னா அவன் பெட்டிய எடுத்துகினு போயி கடல்ல போடு. உன்னுது இங்க கெடக்கட்டும்." அவன் போன பிறகுதான் இருவருக்கும் தெரிந்தது, இத்தனை வருஷம் அடித்துக்கொண்டதெல்லாம் அவனுடைய சட்டையை யார் தோய்ப்பது, அவனுக்கு யார் தட்டு வைப்பது என்பதற்காகத்தான் என்று. சட்டையும் தட்டும் போனதும் சண்டைக்கு விஷயமே இல்லை. விஷயமில்லாமலும் தினமும் கொஞ்சம் போட்டார்கள், பழக்கதோஷம்.

சாயங்காலமானால் இருவரும் சேர்ந்து மார்க்கெட் முனையில் அத்தோ கடை போடுவார்கள். ஆரஞ்சு நிற நூடுல்ஸில் முட்டைக்கோஸும் வெங்காயமும் புளித்தண்ணியும் பூண்டெண்ணெயும் ஊற்றிக் கையாலேயே பிசைந்து, மேலே பேஜோ என்கிற மொறுமொறு தட்டையை நொறுக்கித் தூவி, கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். பர்மாவிலிருந்து வந்த சாப்பாடு என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். வடசென்னைக்காரனுக்கு அது கஞ்சி மாதிரி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலப்பன் அங்கே தினமும் வந்து ஒரு தட்டு வாங்குவான். நூடுல்ஸ் அவன் தொண்டையில் இறங்காது. ஒவ்வொரு இழையாக, பல்லி வாலை விழுங்குகிறவன் மாதிரி விழுங்கிவிட்டு, அன்புக்கரசியைப் பார்த்து "நல்லா கீது" என்பான். இவன் அத்தோவுக்கு வரவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவள் ராமசெல்வி. நேராகப் போய் "கட்டிக்கிறியா, இல்ல இப்பிடியே துன்னு சாவப் போறியா?" என்று கேட்டதும் அவள்தான். அன்புக்கரசியிடம் பிறகுதான் சொன்னாள்.

இத்தனையும் செய்தவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தப் பெண்ணின் கழுத்தில் தாலி ஏறுகிறபோது தான் மேடையில் நிற்க வேண்டும். யார் இவள் என்று எவனாவது கேட்டால், பொய் இல்லாத ஒரு பதில் கையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். அது கிடைக்காவிட்டால் பந்தியில் உட்கார்ந்து, மைக்கில் யார் யாரையோ கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டே பிரியாணி தின்ன வேண்டும். அந்தப் பிரியாணி இறங்குமா?

மறுநாள் கடையில் சில்வியா டீச்சரைப் பிடித்தாள். டீச்சர் ராயபுரத்தில் சர்ச் பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுக்கிறவர். இந்த மாதிரி விஷயம் வந்தால் அவருக்குக் கண் மின்னும். வேறு யாரும் அவரிடம் இந்த மாதிரி விஷயம் கேட்பதில்லை.

"சகலைன்னா யாரு செல்வி?"

"பொண்டாட்டி கூடப் பொறந்தவள கட்டினவன்."

"சொல்றதுக்குள்ள மூச்சு வாங்குது பாருங்க. அதுக்குள்ள எத்தனை பேரு உக்காந்திருக்காங்க! அவ்வளவு பெரிய சமாச்சாரத்த மூணே எழுத்துல மடிச்சு வச்சிருக்காங்க. ஏன்? எல்லா வீட்லயும் ஒரு சகலை இருக்கான். எல்லாக் கல்யாணத்துலயும் கோச்சுக்கிட்டுப் போறான். அவனத் தேடிப் புடிக்கணும்னா கூப்புட ஒரு பேரு வேணும். அர்த்தம் எவ்வளவு சிக்கலா இருந்தாலும், தெனம் வேணும்னா ஜனங்க அத சின்னதா மடிச்சுக்குவாங்க. எப்பவோ ஒருவாட்டி வேணும்னா மடிக்க மாட்டாங்க, கதையாவே சொல்லிட்டுப் போய்டுவாங்க."

"எனக்கு?"

"உங்க சமாச்சாரம் ஊருக்கே ஒண்ணு. ஒருத்தருக்காக எவனும் வார்த்தை தைக்க மாட்டான்."

"எவனும் தெக்க மாட்டான்னா தெக்க வெக்கணும்."

"நீங்களும் நானும் உக்காந்து தைச்சா நிக்காது. நாலு பேரு வாயில தெனம் உருளணும். உருண்டு உருண்டு ஓரமெல்லாம் தேயணும்."

ராமசெல்வி கரண்டியைப் பிடித்தபடி யோசித்தாள். பிறகு சூப் பாத்திரத்தைப் பார்த்தாள். பிறகு வரிசையில் நின்றவர்களைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சம் வந்தால் தெருவில் யாருக்கோ வேலை வைக்கப் போகிறாள் என்று அர்த்தம்.

அன்றிலிருந்து வாழைத்தண்டு சூப் சும்மா கிடையாது. காசும் வேண்டாம். கேட்கிறபோது முழுசாகச் சொல்லிக் கேட்க வேண்டும்: "அன்புக்கரசிய கட்டினவன் ஓடிப்போயும் அவளுக்கு மிச்சமா நின்ன மாமியாரே, ஒரு சூப்பு."

"இன்னாக்கா இது, பாஸ்வேர்டா?" என்றான் லேத்து பட்டறையில் வேலை செய்கிற சௌக்கத் அலி.

"ஆமா. தப்பா சொன்னா லாக் ஆயிடும்."

"எனக்கு சூப்பே வாணாம்."

"வாணாம்னா நூடுல்ஸு தொண்டையில நிக்கும். நின்னா தண்ணி கேப்ப. தண்ணிக்கும் இதான்."

முதல் நாள் சிரிப்பும் கூத்துமாகப் போனது. கன்டெய்னர் டிரைவர்கள் பள்ளிப்பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தார்கள். பாதியில் மறந்தவர்களை முதலிலிருந்து சொல்ல வைத்தாள். அன்புக்கரசி பேஜோ டப்பாவுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டாள். "அத்தே, மானம் போவுது. எம்பேர அந்த ஆளு நாலு தபா சொல்லிட்டான்." "சொல்லட்டும்டி. உம்பேரு இன்னா தேஞ்சா போவுது?" வேலப்பன் வந்தான். அவனுக்கும் அதே சட்டம். கிரேன் மேலே உட்கார்ந்து கையசைவிலேயே பிழைப்பு நடத்துகிறவன், வாய் அதிகம் பழக்கமில்லை. காது சிவக்க, ஒரு எழுத்து விடாமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னான். கடைசி வரை முழுசாகச் சொன்ன ஒரே ஆள் அவன்தான்.

மற்றவர்கள் அப்படியா? பசி வந்தவனுக்கு ஏது பொறுமை? முதலில் ஓடிப்போனவன் ஓடிப்போனான்: "அன்புக்கு மிச்சமா நின்ன மாமியாரே" என்றாகிவிட்டது. அவனைத் தூக்கியதில் யாருக்கும் நஷ்டமில்லை. அடுத்து அன்புவும் போனாள். எதிரிலேயே நிற்கிறவளை எதற்குச் சொல்ல வேண்டும்? பிறகு வாயில் நூடுல்ஸை வைத்துக்கொண்டே கேட்க ஆரம்பித்ததில் "நின்ன" உட்கார்ந்துவிட்டது. "மிச்ச மாமியாரே, சூப்பு!" ராமசெல்வி மல்லுக்கு நிற்கவில்லை. தேயட்டும், தேயட்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய்க்கு அடியில் ஒருவர் மேல் ஒருவராக ஆட்கள். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதென்று சௌக்கத் அலி பின்னாலிருந்தே கையை நீட்டிக் கத்தினான்: "மிச்சியாரே, ரெண்டு சூப்பு!"

ராமசெல்வியின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"இன்னா சொன்ன?"

"சூப்பு கேட்டேன்க்கா. ஏன், லாக் ஆயிடுச்சா?"

"அதுக்கு முன்னாடி."

"மிச்சியாரே..."

ராமசெல்வி அதை வாய்க்குள் போட்டுச் சப்பிப் பார்த்தாள். மிச்சியார். மாமியார், நாத்தனார் வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்தால் எவனும் எழுப்ப மாட்டான். அவளுடைய பிள்ளை, அவன் ஓட்டம், கோர்ட்டு, பிடுங்கிய பெட்டி, எல்லாம் அந்த ஐந்து எழுத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தன. சௌக்கத் அலிக்கு ரெண்டு சூப்போடு ஒரு முட்டையும் கிடைத்தது. காரணம் புரியாமலே தின்றுவிட்டுப் போனான்.

அப்போதே குணசுந்தரிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில்தான், மழைக்கு ஒதுங்கியவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

"மிச்சியாரா? அப்பிடின்னா இன்னா?"

ராமசெல்வி விளக்கினாள். ஆரம்பத்திலிருந்து, பூனா வழியாக.

"யக்கா, ஒரு வார்த்தைய சொல்லிட்டு அதுக்கு இவ்ளோ நேரம் அர்த்தம் சொன்னா அது இன்னா வார்த்த? எங்க தெருவுல எவனுக்கும் தெரியாது. பேனர்ல போட்டா, இது இன்னா புதுசா ஒரு கட்சியான்னு கேப்பான். நான் அல்லாருக்கும் வாசல்ல நின்னு கத சொல்ல முடியுமா? நாம சொல்லித் தராம அவங்களா சொன்னாத்தான் அது மொறை." போன் வைக்கப்பட்டது.

மதார் சாகிப்பும் தன் பங்குக்குக் கூப்பிட்டார். "தங்கச்சி, ஒனக்குன்னு சகலைக்கும் பெரியப்பாவுக்கும் நடுவுல ஒரு தலைக்கு எடம் வச்சிருக்கேன். சீக்கிரம் சொல்லும்மா. ரொம்ப நேரம் காலியா வுட்டா சகலை தலைய பெருசாக்கச் சொல்லுவான்."

இதற்குள் அந்த வார்த்தைக்குக் கால் முளைத்துவிட்டது. அத்தோ தின்றவர்கள் சும்மாவா வீட்டுக்குப் போவார்கள்? பட்டறைக்குக் கொண்டுபோனார்கள், ஷேர் ஆட்டோவில் ஏற்றினார்கள், மீன் கூடையோடு எண்ணூர் வரை அனுப்பினார்கள். போகிற வழியில் வார்த்தை கொஞ்சம் ஒழுக்கம் தவறியது. மூடிப்போன ஃபேக்டரி வாசலில் இன்னமும் காலையில் வந்து உட்காருகிற பழைய வாட்ச்மேனை மிச்சியார் என்றார்கள். வாட்சாப் குரூப்பைத் தொடங்கியவன் வெளியேறிய பிறகும் உள்ளேயே கிடந்து காலை வணக்கம் அனுப்புகிறவர்கள் மிச்சியார்கள். டீச்சரின் பள்ளிக்கூடத்தில் ரிட்டயராகியும் பதினோரு மணி டீக்கு வந்துவிடுகிற பழைய ஹெட்மிஸ்ட்ரஸ் மிச்சியார். காலி செய்துகொண்டு போன குடித்தனக்காரர்கள் விட்டுப்போன நாயும் மிச்சியார்.

நாய் விஷயம் காதுக்கு வந்ததும் ராமசெல்வி பொங்கிவிட்டாள்.

"இன்னா டீச்சர் இது? நான் சூப்பு ஊத்தி வளத்தது, நாயிக்கும் எனக்கும் ஒரே மொறையா?"

டீச்சர் சந்தோஷத்தில் கையைத் தட்டினார். "நல்லதுதான் செல்வி, நல்லதுதான்! வார்த்தையோட புத்தியே அதான். நாலு பேரு கூப்புட ஆரம்பிச்சா எல்லார் வீட்டு வேலைக்கும் போய்டும். 'போடு'ன்னு ஒண்ணு இருக்கு பாருங்க. சட்டையப் போடு, டீ போடு, பூட்டப் போடு, சண்டை போடு, கையெழுத்துப் போடு, குப்பையப் போடு. எவ்வளவுக்கு எவ்வளவு ஓடுதோ அவ்வளவுக்கு அவ்வளவு பாரம் தூக்குது. உள்ள ஒரே ஒரு அர்த்தத்த வச்சிட்டு பொத்திப் பொத்தி வச்சா அது வெளிய போகாது. வெளிய போகலன்னா எர்ணாவூருக்கு எப்படிப் போகும்?"

"எர்ணாவூருக்குப் போறதுக்கு நாய் மேல ஏறித்தான் போவணுமா?"

"ஏறினாத்தான் என்ன?"

ராமசெல்வி வெங்காயத்தை நறுக்கினாள். அன்றைய வெங்காயம் ரொம்பப் பொடியாக விழுந்தது.

பேனர் அச்சுக்குப் போகிற நாள் வந்துவிட்டது. கடை போட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. குணசுந்தரி இறங்கினாள். பின்னாலேயே, வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர். வெள்ளை வேட்டிதான், அனல்மின் நிலையத்துப் புகை படிகிற எர்ணாவூர்க் கொடியில் காய்ந்ததால் சாம்பல் பூத்திருந்தது.

"யக்கா, உன்னால எங்க வூட்டுல ஒரே பேஜாரு," என்றாள் குணசுந்தரி, எடுத்த எடுப்பிலேயே.

"நான் இன்னா பண்ணேன்?"

"காலைல மீன்காரி வந்து, 'யம்மா, உங்க வூட்டு மிச்சியாருக்கு நெத்திலி புடிக்குமே, எடுத்துக்கறியா'ன்றா. யாருடி மிச்சியாருன்னு கேட்டேன். 'இதோ, பேப்பர் படிச்சுகினு குந்திகீறாரே'ன்னு இவர காட்றா!"

பெரியவர் அப்பாவு. குணசுந்தரியின் புருஷனுக்கு அவள் இரண்டாம் தாரம். முதல் தாரத்தின் அப்பா இவர். மகள் கண்மூடிய பிறகு போக்கிடமில்லை; மருமகனும் போகச் சொல்லவில்லை. குணசுந்தரி கல்யாணமாகி வந்தபோது வீட்டில் கட்டில், பீரோ, அப்பாவு மூன்றும் இருந்தன. இத்தனை வருஷமும் யாராவது கேட்டால், "அவரு... எங்க வூட்ல இருக்காரு" என்று சொல்லிக் காபி எடுக்க உள்ளே போய்விடுவாள். வீட்டுக் கல்யாணத்தில் எந்தப் பேனரிலும் அவர் தலை வந்ததில்லை. சட்டம் போட்டவளே அவள்தானே.

"நீ சொல்லித் தந்தியா மீன்காரிக்கு?" என்று கேட்டாள் ராமசெல்வி.

"நான் எங்க சொன்னேன்? எனக்கே நீ போன்ல சொன்னதுதான். அவளா சொல்றா. பக்கத்து வூட்டுக்காரியும் அதுக்குத் தலைய ஆட்டுறா. கேட்டுகினு இந்தப் பெர்சு சிரிக்குது! இவரு சிரிச்சு நான் பாத்ததே இல்லக்கா." குணசுந்தரி பர்ஸிலிருந்து ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை எடுத்தாள். அப்பாவு அதில் தேர்வுக்குப் போகிறவர் மாதிரி விறைத்துக்கொண்டிருந்தார். குரலை இறக்கினாள். "அந்த வார்த்த... ஆம்பளைக்கும் போவுமா?"

ராமசெல்வி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கடைக்காரி அல்லவா, வந்த சரக்குக்கு எவ்வளவு தேவை இருக்கிறதென்று பார்க்கத் தெரியாதா? சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி அப்பாவு கையில் கொடுத்தாள்.

"நாயிக்கே போவுது. இவருக்கு இன்னா?"

அங்கேயே மதார் சாகிப்புக்குப் போன் போனது. "பாய், சகலைக்குப் பக்கத்துல அந்தக்கா தலைய ஏத்து. கீழ மிச்சியார்னு போடு. ஆமா, மிச்சியார். இன்னொரு தலையும் அனுப்பறேன், அதுக்கும் அதான்."

"ஓ, மிச்சியாரா?" என்றார் மதார் சாகிப், யாரும் விளக்காமலே. "எங்க கடையிலயும் ஒருத்தர் கீறாரு. மொதல்ல இருந்த பார்ட்னரோட மச்சான்."

கல்யாணத்தன்று மண்டப வாசலில் கூட்டம் பேனரைவிட்டு நகரவில்லை. ராமசெல்வி தன் தலையைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் கீழிருந்த எழுத்தைப் பார்த்து, ஊரிலிருந்து வந்த பெரியப்பா "மிச்சியார்னா யாரு?" என்று பக்கத்து ஆளைக் கேட்பதையும், அந்த ஆள் "அதுகூட தெரியாதா?" என்று ஏளனமாகப் பார்ப்பதையும் காதார அனுபவித்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

முகூர்த்த நேரம் நெருங்கியது. மைக் பிடித்தவன் பேனர் வரிசைப்படி கூப்பிட்டுக்கொண்டே வந்தான். தாய்மாமன் ஏறினார். சித்தப்பாக்கள் ஏறினார்கள். சகலை, யாரோ தன்னை முதலில் கூப்பிடவில்லையென்று கோபித்துக்கொண்டு ஏறினான். ராமசெல்வி புடவை மடிப்பை இழுத்துவிட்டுக்கொண்டு தயாராக நின்றாள்.

"அடுத்ததாக, மிச்சியார் உறவுகள் அனைவரும் மேடைக்கு வரவும்!"

அனைவரும் என்று அந்த மடையன் ஏன் சொன்னானோ. மண்டபமே எழுந்தது மாதிரி இருந்தது. ஃபேக்டரி வாட்ச்மேன் ஏறினார். மதார் சாகிப் கடையின் பழைய பார்ட்னருடைய மச்சான் ஏறினார். வாட்சாப் குரூப்பிலிருந்து ஒரு கோஷ்டி ஏறியது. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் கைப்பையோடு ஏறினார். வேலப்பனோடு முன்பு ஒரே ரூமில் இருந்து காலி செய்தவனின் தம்பி, ஒரு பெரிய சுவர்க்கடிகாரத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஏறினான். நாய்க்கு அழைப்பு போகவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். மேடைப் பலகை முனகியது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு ஓமகுண்டத்தைக் கையால் அணைகட்டிக்கொண்டார்.

ராமசெல்வி கூட்டத்தின் வாலில் மாட்டிக்கொண்டாள். அவளுக்கு முன்னால் சுவர்க்கடிகாரம். அதற்கு அப்பால் எங்கேயோ அன்புக்கரசி.

குணசுந்தரி மைக்கைப் பிடுங்கினாள். "அல்லாரும் எறங்குங்க! எறங்குங்கய்யா! ஒரிஜினல் மிச்சியாரு மட்டும் நில்லுங்க!"

ஒருவரும் இறங்கவில்லை. ஒவ்வொருவரும் தான்தான் ஒரிஜினல் என்று நின்றார்கள். 'ஒரிஜினல்' என்கிற வார்த்தையைப் பிரியாணிக் கடைக்காரர்களே போர்டில் போட்டு என்ன பாடு படுத்திவிட்டார்கள், இவர்களைச் சொல்லி என்ன பயன்?

"கெட்டிமேளம்!" என்று ஐயர் கத்துவது கேட்டது. ராமசெல்வி அதற்குமேல் யோசிக்கவில்லை. வருஷக்கணக்கில் நூடுல்ஸ் பிசைந்த முழங்கைகள் இரண்டையும் விரித்தாள். குரூப் கோஷ்டி இரண்டாகப் பிளந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் "ஒழுங்கா வரிசையில..." என்று ஆரம்பித்து வாட்ச்மேன் மேல் சாய்ந்தார். "யோவ் கடியாரம், நவுரு! நான்தான் வார்த்தையே, நவுரு!" சுவர்க்கடிகாரம் நகர்ந்தது. மணவறைக்குப் பின்னால், அன்புக்கரசியின் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் ராமசெல்வி போய் நிற்பதற்கும் வேலப்பன் தாலியைக் கையில் எடுப்பதற்கும் சரியாக இருந்தது.

மூன்று முடிச்சும் விழுகிறவரை அவள் மூச்சு விடவில்லை. கடைசி முடிச்சை ஒருமுறை விரலால் இழுத்துப் பார்த்தாள். வேலப்பன் திரும்பிப் பார்த்தான்.

"நல்லா கீதா?" என்று கேட்டான்.

"அவன் போட்டது இவ்ளோ டைட்டா இல்ல," என்றாள். அன்புக்கரசி தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினாள். வீடியோக்காரன் அழுகிறாளென்று நினைத்து கிட்டே போய் எடுத்தான்.

குணசுந்தரி கூட்டத்தை ஒருவழியாக இறக்கிவிட்டு, ஒரிஜினல்கள் என்று தான் முடிவு செய்த இருவருக்கும் சால்வை போர்த்தினாள். போட்டோவுக்காக மணமக்களுக்குப் பின்னால் ராமசெல்வியையும் அப்பாவுவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். அப்பாவு சால்வையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு அவள் பக்கம் சாய்ந்தார்.

"ஏம்மா, நீயும் மிச்சியாரு, நானும் மிச்சியாரு. சரி. அப்போ நீ எனக்கு இன்னா மொறை?"

ராமசெல்வி கைவிரலை விரித்தாள். "இரு. உம்பொண்ண கட்டினவரு, அப்பால கட்டினது குணசுந்தரிய. குணசுந்தரியோட தம்பி இன்னிக்கு கட்டினது அன்புவ. அன்புவ முன்னாடி கட்டினவன..."

"யம்மா, பெரியவரே, இங்க பாருங்க," என்றான் போட்டோக்காரன்.

"இருப்பா. எத்தினி ஆச்சு?"

"நாலு வெரலு."

"அப்போ அவன், எம்புள்ள. அஞ்சு."

"இல்லம்மா, எம்பொண்ண நீ வுட்டுட்ட. அவளையும் சேத்தா ஆறு. இந்தக் கைல பத்தாது."

"உங்கையக் குடு."

ஆல்பத்தில் அந்தப் பக்கம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பின்னால் சால்வை போர்த்திய இருவர், ஒருவர் விரலை ஒருவர் பிடித்து மடக்கிக்கொண்டு, வாயைத் திறந்தபடி சண்டையில் இருக்கிறார்கள்.